கோரேசின் உருளையும் கணக்கர்களின் களிமண்ணும்

வணக்கம் சார்,

நாகர்கோவில் பக்கம் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். போன மாதம் எங்கள் ஆசிரியர்களின் வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி வந்தது. உலகின் முதல் மனித உரிமைச் சாசனத்தை எழுதியவர் பாரசீக மன்னர் சைரஸ், 2500 ஆண்டுகளுக்கு முன்பே அடிமை முறையை ஒழித்தவர், அவருடைய பேரரசு உலக மக்களில் 44 சதவீதம் பேரை ஆண்டது என்று அதில் இருந்தது. சின்ன வயதில் ஞாயிறு வகுப்பில் கேட்ட கோரேஸ் ராஜா இவர்தான் என்பதால் எனக்கு ஒரே மகிழ்ச்சி. வகுப்பிலும் சொன்னேன். மறுநாள் ஒரு மாணவன் எழுந்து, "டீச்சர், சினிமாவில் பாரசீகர்களை மிருகம் மாதிரி காட்டுகிறார்களே, கிரேக்கர்களை அடிமையாக்க வந்தவர்கள் என்று சொல்கிறார்களே, எது உண்மை?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அவர்கள் உண்மையில் எப்படிப்பட்டவர்கள்? அவ்வளவு பெரிய பேரரசு அலெக்சாண்டரிடம் நாலைந்து வருடத்தில் விழுந்தது எப்படி? இன்றைக்கு அதில் என்ன மிச்சம் இருக்கிறது? பிள்ளைகளிடம் நான் என்ன சொல்லட்டும்?

அன்புடன்,
ம.

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பையனை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். ஒரே அரசைப் பற்றி நேர்மாறான இரண்டு கதைகள் காதில் விழுந்ததும் எது உண்மை என்று எழுந்து கேட்டிருக்கிறான். பாரசீகப் பேரரசைப் படிக்க உட்காருகிற யாரும் அந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

முதலில் வாட்ஸாப் செய்தியை முடித்துவிடுவோம். அது சொல்லும் 'சாசனம்' இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய ஒரு சாண் நீளம், நடுவில் கொஞ்சம் பருத்த, சுட்ட களிமண் உருளை. 1879-ல் பாபிலோன் இடிபாடுகளில் ஹொர்முஸ்த் ரஸ்ஸாம் நடத்திய அகழாய்வில் கிடைத்தது. அதில் இருப்பது பாரசீக மொழி இல்லை. பாபிலோனியர்களின் அக்காடிய மொழியில், அவர்களுடைய ஆப்பெழுத்தில் எழுதியிருக்கிறது. அது சொல்லும் கதை இது: பாபிலோனின் கடைசி அரசன் நபோனிடஸ் வழிபாட்டு முறைகளைக் குலைத்து, மக்களை வருத்தி, மர்துக் தெய்வத்தின் கோபத்துக்கு ஆளானான். நீதியுள்ள ஓர் அரசனை நாடு நாடாகத் தேடிய மர்துக், சைரஸின் கையைப் பிடித்து அழைத்து வந்தார். சண்டையே இல்லாமல் சைரஸ் நகருக்குள் நுழைந்தார், மக்கள் மகிழ்ந்தார்கள். மற்ற ஊர்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தெய்வச் சிலைகளை அவரவர் கோயிலுக்கே திருப்பி அனுப்பினார், அந்த ஊர் மக்களையும் சேர்த்து அனுப்பினார். அப்புறம் நகரத்தின் மதிலைப் பழுதுபார்த்தார்.

அடிமை ஒழிப்பு என்று ஒரு வரி அதில் கிடையாது. இணையத்தில் சுற்றும் 'மொழிபெயர்ப்பு' ஒன்றில் அப்படி வருகிறது, ஆனால் அந்த வரிகள் உருளையில் இல்லாதவை. யூதர்களைப் பற்றியும் உருளையில் ஒரு சொல் இல்லை. புதிய அரசர் ஒரு மதிலையோ கோயிலையோ திருப்பணி செய்தால் அஸ்திவாரத்தில் இப்படி ஓர் உருளையை வைப்பது மெசப்பொத்தேமியாவில் நூற்றாண்டுகளாக இருந்த வழக்கம். அதே வாசகம் களிமண் பலகைகளிலும் எழுதப்பட்டு வெளியே புழங்கியது என்பதைப் பின்னால் அடையாளம் காணப்பட்ட துண்டுகள் காட்டுகின்றன. ஆக, அது ஊருக்குச் சொல்ல விரும்பிய செய்தியும்தான். ஆனால் செய்தி என்னவென்றால், உங்கள் தெய்வமே என்னைத் தேர்ந்தெடுத்தது என்பது. மனித உரிமை என்ற பெயரை அதன்மேல் ஏற்றி உலகம் முழுக்கப் பரப்பியது ஈரானின் கடைசி ஷா, அதாவது மன்னர். 1971-ல் பழைய பாரசீகத் தலைநகரான பெர்செபோலிஸின் இடிபாடுகளுக்கு நடுவே 2500 ஆண்டு முடியாட்சி விழா எடுத்தபோது இந்த உருளைதான் அதன் சின்னம். அதே ஆண்டு ஐ.நா.வுக்கு ஒரு பிரதியும் பரிசாகப் போனது.

சைரஸின் காலத்திலும் அதற்குப் பிறகும் பாபிலோனில் அடிமைகளை விற்ற, வாங்கிய, அடகு வைத்த பத்திரங்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. இன்னும் நூறு ஆண்டு தள்ளி, எகிப்தின் பாரசீக ஆளுநர் அர்ஷாமா தன் பண்ணை நிர்வாகிக்குத் தோலில் எழுதி அனுப்பிய கடிதங்களும் உண்டு. ஆட்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்து என் முத்திரையைச் சூடு போடு என்று ஒரு கடிதத்தில் உத்தரவு போடுகிறார். இதைப் படித்த பிறகு அந்த வாட்ஸாப் செய்தியை யாருக்கும் அனுப்ப மனம் வராது.

44 சதவீதம் என்ற கணக்குக்கும் ஆதாரம் இல்லை. அன்றைக்கு உலகத்தில் எத்தனை பேர் என்பதும் ஊகம், பேரரசுக்குள் எத்தனை பேர் என்பதும் ஊகம். ஓர் ஊகத்தை இன்னோர் ஊகத்தால் வகுத்தால் இப்படித் துல்லியமாக ஓர் எண் வரத்தான் செய்யும். அதை நம்ப வேண்டியதில்லை.

இதையெல்லாம் சொல்வதால் சைரஸ் சின்ன ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு உண்டு. இன்றைய ஈரானின் தென்மேற்கில் அன்ஷான் என்ற சிற்றரசின் மன்னராகக் கி.மு. 559 வாக்கில் பட்டத்துக்கு வந்தவர். 550-ல் மீடியரை வென்றார். சில ஆண்டுகளில் மேற்கே லிடியாவையும் அதன் தலைநகர் சார்டிஸையும் பிடித்தார். 539-ல் பாபிலோன். அதற்கு முன் அந்தப் பகுதியில் பேரரசு என்றால் அசீரியர்களின் வழிதான்: ஊரை எரிப்பது, மக்களைக் கூட்டம் கூட்டமாகப் பெயர்த்துக்கொண்டு போவது, அதைச் சுவரில் சிற்பமாகச் செதுக்கிப் பெருமைப்படுவது. சைரஸ் வேறு கணக்குப் போட்டார். தோற்ற ஊரின் தெய்வத்தைக் கும்பிட்டு, அந்த ஊர்ப் பூசாரியின் வாயாலேயே தன்னை வாழ்த்தவைத்தால் காவல் படைக்கான செலவு மிச்சம். எருசலேம் ஆலயத்தைத் திரும்பக் கட்ட யூதர்களுக்கு அனுமதி கிடைத்ததும் இந்த வழியில்தான். விவிலியத்தின் ஏசாயா நூல் வேற்றினத்து மன்னரான கோரேசைக் கர்த்தர் அபிஷேகம் பண்ணினவர் என்றே அழைக்கிறது. ஆலயம், பின்னால் பட்டத்துக்கு வந்த டேரியஸ் காலத்தில், கி.மு. 515 வாக்கில் கட்டி முடிந்தது. பாபிலோனில் மர்துக் அழைத்து வந்தவர், எருசலேமில் யெகோவா அழைத்து வந்தவர். இரண்டு ஊர்க்காரர்களும் தங்களுக்கு நன்மை செய்தவரைத் தங்கள் மொழியில் வாழ்த்தியிருக்கிறார்கள். தோற்ற பக்கத்தில் நின்று எழுதியவர்கள் யாரும் நமக்குக் கிடைக்கவில்லை. பாபிலோனியர்களின் வருடக் குறிப்பு ஒன்று மட்டும், பாபிலோனுக்கு முன்பே டைகிரிஸ் கரையில் ஓபிஸ் என்ற ஊரில் பெரிய போர் நடந்ததைச் சொல்கிறது. அறிஞர்கள் பெரும்பாலோர் அதை அங்கே மக்கள் கொன்று குவிக்கப்பட்டார்கள் என்றே வாசிக்கிறார்கள். உருளை அந்த ஊரின் பேச்சையே எடுக்கவில்லை.

மாணவன் பார்த்த சினிமா வருவது அடுத்த கரையிலிருந்து. மாரத்தான் போர் கி.மு. 490, தெர்மோப்பிலேயும் சலாமிஸும் 480, பிளாட்டியா 479. இந்தப் போர்களில் கிரேக்கர் தங்களைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அவர்கள் எழுதினார்கள், எழுத்து தங்கியது. பாரசீகர் தங்கள் தரப்பு வரலாற்றை நூலாக எழுதி வைக்கவில்லை. அதனால் ஐரோப்பா 2000 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பேரரசை அதன் எல்லைச் சண்டைக்காரர்களின் வாய்வழியாகவே பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருந்தது. கிரேக்கர்களையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. மாரத்தானில் சண்டையிட்டவராகச் சொல்லப்படும் ஈஸ்கிலஸ், சலாமிஸ் முடிந்து எட்டு ஆண்டுகளில் தோற்றுப்போன பாரசீகர்களின் ஒப்பாரியை ஏதென்ஸ் மேடையில் நாடகமாகப் போட்டார். இந்தப் போர்களின் வரலாற்றை எழுதிய ஹெரோடோட்டஸ் பிறந்ததே பாரசீக ஆட்சிக்குட்பட்ட ஹாலிகர்னாசஸ் ஊரில். கேலியும் வியப்பும் மரியாதையும் கலந்துதான் அவர் எழுதுகிறார். சினிமா அதில் கேலியை மட்டும் எடுத்து, அதையும் ஊதிப் பெரிதாக்கிவிட்டது.

சுதந்திர கிரேக்கம் ஒரு பக்கம், அடிமைப் பாரசீகம் மறு பக்கம் என்ற பிரிவினையும் நிற்காது. பிளாட்டியாவில் தீப்ஸ் நகரக் கிரேக்கர்கள் பாரசீகர் பக்கம் நின்று சண்டையிட்டார்கள். சலாமிஸில் பாரசீகக் கடற்படையை முறியடித்த தெமிஸ்டோக்ளிஸை அவருடைய சொந்த ஊரான ஏதென்ஸே துரத்தியது. அவர் போய்ச் சேர்ந்த இடம் பாரசீக அரசவை. அரசர் கொடுத்த மக்னீசியா நகரின் வருமானத்தில்தான் கடைசிக் காலத்தைக் கழித்தார். கி.மு. 386-ல் கிரேக்க நகரங்கள் ஒன்றோடொன்று சண்டையிட்டு ஓய்ந்தபோது, சமாதான நிபந்தனைகளைச் சொன்னது இரண்டாம் அர்தசெர்க்சஸ். சலாமிஸில் தோற்று நூறு ஆண்டு ஆகவில்லை, அதே கிரேக்கர்களுக்குப் பாரசீக மன்னர் பஞ்சாயத்து பண்ணியிருக்கிறார்!

சரி, வாழ்த்தியவர்களையும் ஏசியவர்களையும் விட்டுவிட்டால் யாரைக் கேட்பது? அரசர்கள் தாங்களே வெட்டிவைத்த கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் பெரியது பெஹிஸ்தூன். மேற்கு ஈரானில் கெர்மான்ஷா அருகே, செங்குத்தான பாறை முகத்தில், தரையிலிருந்து வெகு உயரத்தில் டேரியஸ் வெட்டிவைத்தது. பழைய பாரசீகம், ஈலாமியம் (தென்மேற்கு ஈரானின் பழங்குடிகளான ஈலாமியர்களின் மொழி), பாபிலோனியம் என்று மூன்று மொழிகள். நடுவில் ஒரு சிற்பம்: மல்லாந்து கிடக்கும் ஒருவனின் நெஞ்சில் டேரியஸ் இடது காலை ஊன்றி நிற்கிறார். எதிரே ஒன்பது பேர், கைகள் பின்னால் கட்டப்பட்டு, கழுத்துக்குக் கழுத்து ஒரே கயிற்றில் பிணைக்கப்பட்டு வரிசையாக நிற்கிறார்கள். கீழே கிடப்பவன் கௌமாதா. சைரஸின் மகன் கம்பைசஸ் எகிப்தை வென்ற பிறகு 522-ல் இறந்துபோனார். அவருடைய தம்பி பர்தியா என்று பொய் சொல்லி இந்தக் கௌமாதா அரியணையில் ஏறினான், ஆறு தோழர்களோடு போய் நான் அவனைக் கொன்றேன், பிறகு ஓராண்டுக்குள் 19 போர்கள் நடத்தி ஒன்பது பொய் அரசர்களைப் பிடித்தேன் என்கிறார் டேரியஸ். வரிக்கு வரி 'அவன் பொய் சொன்னான், இவன் பொய் சொன்னான்' என்றே போகிறது. வரலாற்றாசிரியர்கள் பலருக்கு இங்கேதான் சந்தேகம். கொல்லப்பட்டவன் உண்மையான பர்தியாவாகவே இருந்திருந்தால்? அரச குடும்பத்தின் வேறு கிளையிலிருந்து வந்து அரியணையைப் பிடித்தவர், எதிர்த்தவர்கள் அத்தனை பேரையும் பொய்யர்கள் என்கிறார். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. தன் பக்கம் நியாயம் இருக்கிறவன் இவ்வளவு தடவை சொல்ல மாட்டான்.

பிடிபட்டவர்களை என்ன செய்தார் என்பதையும் அவரே எழுதிவைத்திருக்கிறார். மீடியாவில் கலகம் செய்த ஃப்ரவர்த்திஷின் மூக்கையும் காதுகளையும் நாக்கையும் அறுத்து, ஒரு கண்ணைப் பிடுங்கி, அரண்மனை வாசலில் கட்டிவைத்து எல்லோரும் பார்க்கும்படி செய்தேன், அப்புறம் எக்பட்டானாவில் கழுவேற்றினேன் என்கிறார். மனித உரிமையைத் தந்ததாக நாம் கொண்டாடும் அதே பேரரசு, அதன் மிகத் திறமையான அரசர், அவருடைய சொந்த வாக்குமூலம்.

ஆனால் அரசர் சொன்னதும் ஒரு தரப்புதான். எனக்கு இந்தப் பேரரசை உண்மையில் அறிமுகப்படுத்தியவர்கள் அதன் கணக்கர்கள்.

1933-34-ல் பெர்செபோலிஸில் எர்ன்ஸ்ட் ஹெர்ஸ்ஃபெல்ட் தலைமையில் சிக்காகோ பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது, கோட்டை மதிலுக்குள் ஓர் அறையில் பல்லாயிரக்கணக்கில் களிமண் பலகைகளும் துண்டுகளும் கிடைத்தன. பல பலகைகள் உள்ளங்கைக்குள் அடங்கும், நாக்கு வடிவம். முடிச்சுப் போட்ட நூலைச் சுற்றி ஈரக் களிமண்ணை அழுத்திச் செய்தவை. நூல் மக்கிப்போய்விட்டது, அது வெளியே வந்த துளைகள் மூலையில் அப்படியே இருக்கின்றன. பக்கவாட்டில் அதிகாரியின் உருளை முத்திரை உருட்டிய தடம். காலம் கி.மு. 509 முதல் 493 வரை, டேரியஸின் ஆட்சி. பெரும்பாலானவை ஈலாமிய மொழியில் இருக்கின்றன. சில நூறு, மேற்கு ஆசியாவில் பரவலாகப் புழங்கிய அரமேய மொழியில். கிரேக்கத்தில் ஒன்றே ஒன்று, பழைய பாரசீகத்திலும் ஒன்றே ஒன்று. ஆளும் இனத்தின் மொழியில் அலுவலகக் கணக்கு நடக்கவில்லை! ஏற்கெனவே கணக்கு எழுதத் தெரிந்தவன் எந்த மொழிக்காரனோ அந்த மொழியிலேயே எழுதட்டும் என்று விட்டுவிட்டார்கள். இந்தப் பேரரசின் சாமர்த்தியம் முழுவதும் எனக்கு அந்த ஓர் ஏற்பாட்டில் தெரிகிறது.

பலகைகளில் இருப்பது என்ன? யாருக்கு எவ்வளவு படியளந்தார்கள் என்பது. கல்லுடைப்பவர், தச்சர், துணி தைக்கும் பெண்கள், குதிரை பார்ப்பவர், எழுத்தர், பூசாரி, இளவரசி என்று எல்லோருக்கும் பார்லி, மாவு, ஒயின், பீர், ஆடு. சாதாரண ஆண் வேலையாளுக்கு மாதம் சுமார் 30 லிட்டர் தானியம். பெண்களுக்கு பொதுவாக அதைவிடக் குறைவு. ஆனால் பெண்கள் குழுக்களுக்குத் தலைவியாக இருந்தவர்களுக்கு அந்த ஆண்களைவிடக் கூடுதலாகக் கிடைத்தது. பிள்ளை பெற்ற பெண்களுக்குத் தனிப்படி உண்டு. கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது இல்லையா? அடுத்த வரியையும் படிக்க வேண்டும்: ஆண் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுத்ததில் பாதிதான் பெண் பிள்ளை பெற்றவளுக்கு. வேலையாட்களில் எகிப்தியர், லிசியர், பாபிலோனியர், இன்றைய துருக்கியின் மேற்குக் கரையிலிருந்த அயோனியக் கிரேக்கர், இந்தியர் எல்லோரும் இருக்கிறார்கள். அவர்கள் கூலிக்கு வந்தவர்களா, கட்டாயமாகப் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்களா? இரண்டு வகையும் இருந்திருக்கும் என்பதே என் வாசிப்பு. அவர்களுடைய குரல் பலகையில் இல்லை. கை நீட்டி வாங்கிய அளவு மட்டும் இருக்கிறது.

இந்த முழு ஏற்பாட்டுக்கும் தலைமை அதிகாரி பர்னாக்கா. அவருடைய ஒரு நாள் படி இரண்டு ஆடு, 90 லிட்டர் அளவுக்கு ஒயின், 180 லிட்டர் அளவுக்கு மாவு. அதில் அவருடைய ஆட்கள் கூட்டமும் சாப்பிட்டிருக்கும். கி.மு. 500 வாக்கில் அவர் போட்ட ஓர் உத்தரவில், என் பழைய முத்திரை மாற்றப்பட்டுவிட்டது, இந்தப் பலகையில் உருட்டியிருப்பதுதான் இனி என் முத்திரை என்று ஒரு குறிப்பைச் சேர்த்திருக்கிறார். பழைய முத்திரையை வைத்து யாராவது சரக்கு வாங்கிவிடக்கூடாதே என்ற கவலை அது. பெஹிஸ்தூன் பாறையின் அத்தனை வீரத்தையும்விட இந்தக் கவலை எனக்கு அந்தப் பேரரசை நெருக்கத்தில் காட்டுகிறது.

பூசைச் செலவுக் கணக்கும் இருக்கிறது. டேரியஸின் கல்வெட்டுகளில் பாரசீகர்களின் பெருந்தெய்வம் அகுரமஸ்தாவின் பெயர் ஓயாமல் வரும். அவர் அருளால் அரசன் ஆனேன், அவர் அருளால் வென்றேன் என்று. கோட்டைப் பலகைகளில் பார்த்தால், அகுரமஸ்தாவுக்கு அளந்ததைவிட ஈலாமியர்களின் பழைய தெய்வம் ஹும்பானுக்கு அளந்ததுதான் அதிகம். பேரரசின் மையத்தில், அரசரின் சொந்த மண்டபங்கள் எழும்பிக்கொண்டிருந்த ஊரிலேயே இப்படி.

பிறகு வழிச்செலவுப் பலகைகள். அரசு வேலையாகப் பயணம் போகிறவன் கையில் முத்திரையிட்ட சீட்டு இருக்கும். ஒவ்வொரு தங்குமிடத்திலும் அதைக் காட்டினால் மாவும் குடிக்கவும் கிடைக்கும். கொடுத்தவர் பலகையில் எழுதி முத்திரை போட்டு மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். சார்டிஸிலிருந்து இன்னொரு தலைநகரான சூசா வரை போன அரச சாலையில் 111 தங்குமிடங்கள், நடந்தால் 90 நாள் என்று ஹெரோடோட்டஸ் சொன்னதைக் கதை என்று ஒதுக்கியிருக்கலாம். பலகைகள் கிடைத்த பிறகு முடியாது. சார்டிஸ் பக்கமிருந்தும் இன்றைய ஆப்கானிஸ்தானின் வடக்கிலிருந்த பாக்ட்ரியா பக்கமிருந்தும் இந்துஷ் என்று அவர்கள் சொன்ன சிந்து நாட்டிலிருந்தும் வந்து போனவர்களின் வழிப்படி அதில் பதிவாகியிருக்கிறது.

அந்தச் சிந்து நாட்டுக்காரர்களைப் பெர்செபோலிஸின் அபதானா மண்டபப் படிக்கட்டில் இன்றும் பார்க்கலாம். 23 நாட்டுக் குழுக்கள் அரசருக்குக் காணிக்கை கொண்டுவரும் நீண்ட சிற்ப வரிசை அது. இந்தியக் குழுவில் ஒருவர் வெற்று மார்போடு, இடையில் வேட்டியோடு, தோளில் காவடி கட்டி இரண்டு பக்கமும் கூடைகளைத் தொங்கவிட்டிருக்கிறார். கூடைக்குள் சின்னச் சின்ன மூட்டைகள். ஹெரோடோட்டஸ் இந்தியர்கள் பொன்துகளாக வரி கட்டினார்கள் என்று எழுதியதோடு இது பொருந்துகிறது. கூடவே ஒரு கழுதை. இந்த வரிசையில் யார் கழுத்திலும் கயிறு இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு குழுவின் தலைவரையும் அரண்மனைச் சேவகர் ஒருவர் கையைப் பிடித்து அழைத்துப் போகிறார். பெஹிஸ்தூனில் கழுத்துக்குக் கயிறு, இங்கே கைக்குக் கை. இரண்டையும் தொடங்கிவைத்தது ஒரே டேரியஸ். அடங்கினால் இது, எதிர்த்தால் அது.

அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான் டீச்சர். கணக்குப் பார்த்து, தவறாமல் படியளந்து, ஊரூருக்கும் அதன் தெய்வத்தையும் மொழியையும் சட்டத்தையும் விட்டுக்கொடுத்து, வரியையும் பணிவையும் மட்டும் கறாராக வாங்கிய அரசு. அந்தப் பணிவு தவறினால் மிலேட்டஸ் நகரத்துக்கு நடந்தது நடக்கும். அயோனியக் கிரேக்கர்களின் ஐந்தாண்டுக் கலகத்தின் முடிவில், கி.மு. 494-ல், அந்த நகரைத் தரைமட்டமாக்கி, மிஞ்சிய மக்களை வெகு தூரத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போனார்கள்.

அலெக்சாண்டரிடம் விழுந்ததைப் பற்றி. உள்ளுக்குள் உளுத்துப்போன பேரரசு ஓர் உதையில் சரிந்தது என்பது பழைய விளக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அறுபது ஆண்டு கைவிட்டுப்போன எகிப்தை மூன்றாம் அர்தசெர்க்சஸ் கி.மு. 343 வாக்கில் மீண்டும் பிடித்திருந்தார். செத்துக்கொண்டிருக்கும் அரசு செய்கிற வேலையா அது? பலவீனம் உச்சியில் இருந்தது. 338-ல் அந்த அர்தசெர்க்சஸ் இறந்தார், அரண்மனை அதிகாரி பகோவாஸ் நஞ்சு கொடுத்துக் கொன்றதாகச் சொல்கிறார்கள். அடுத்து வந்த மகனும் 336-ல் கொலையுண்டார். மூன்றாம் டேரியஸ் கிளைக் குடும்பத்திலிருந்து வந்து அரியணை ஏறியதும் அதே 336-ல், அலெக்சாண்டரும் பட்டத்துக்கு வந்த ஆண்டு. இஸ்ஸஸில் 333-லும் கௌகமெலாவில் 331-லும் டேரியஸ் களத்தை விட்டு ஓடினார். எல்லா ஊரும் எல்லா மொழியும் எல்லா தெய்வமும் தனித்தனியாக இருந்து, அரசர் என்ற ஒரே ஆணியில் தொங்கிய அமைப்பு அது. அரசர் ஓடினார் என்று தெரிந்ததும் ஒவ்வொரு ஊரும் சைரஸ் காலத்தில் செய்ததையே திரும்பச் செய்தது, புதியவருக்குக் கதவைத் திறந்தது. பாபிலோனில் பாரசீக ஆளுநர் மசேயஸ் நகரை ஒப்படைத்தார். அலெக்சாண்டர் அவரையே அங்கே ஆளுநராக வைத்துக்கொண்டார். அலெக்சாண்டரும் மர்துக்குக்குப் பலி கொடுத்தார். திறக்க மறுத்த டைர் நகரத்தைப் பிடிக்க ஏழு மாதம் ஆனது. 330-ல் பெர்செபோலிஸை எரித்தார்கள். அதே ஆண்டு மூன்றாம் டேரியஸைச் சொந்த ஆளுநர் பெஸ்ஸஸின் ஆட்களே கொன்றார்கள்.

மிச்சம் என்ன என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அரமேய எழுத்து. பேரரசின் அலுவலகங்களில் புழங்கிய அந்த எழுத்திலிருந்துதான் நம் வடமேற்கில் கரோஷ்டி எழுத்து பிறந்தது. பேரரசு விழுந்து எழுபது எண்பது ஆண்டு கழித்தும் அசோகர் காந்தகாரில் கிரேக்கத்தோடு அரமேயத்திலும் கல்வெட்டு வைக்க வேண்டியிருந்தது. 'மன்னர் டேரியஸ் கூறுகிறார்' என்று பத்திக்குப் பத்தி தொடங்கும் பாணியும், 'தேவர்களுக்குப் பிரியமான பியதசி மன்னர் இவ்வாறு கூறுகிறார்' என்று அசோகர் தொடங்கும் பாணியும் ஒன்றுபோல இருப்பதைப் பலரும் சுட்டியிருக்கிறார்கள். டேரியஸ் அந்தப் பாணியில் தன் வெற்றிகளைச் சொன்னார். அசோகர் அதே பாணியில், கலிங்கப் போருக்காக வருந்துகிறேன் என்றார். தமிழகத்தோடு நேரடித் தொடர்பு ஏதாவது உண்டா என்று பிள்ளைகள் கேட்கலாம். இல்லை. வலிந்து சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டு விவிலியத்தில் எஸ்தர் புத்தகத்தின் முதல் வசனத்தை மட்டும் காட்டுங்கள். இந்துதேசம் முதல் எத்தியோப்பியா வரை 127 நாடுகளை ஆண்ட அகாஸ்வேரு என்று வருகிறதே, அவர் சலாமிஸில் தோற்ற செர்க்சஸ் என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள்.

ஈரானியர்களே இந்த அரசர்களை மறந்துபோனார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத வியப்பு. பத்து நூற்றாண்டுக்கு முன் ஃபிர்தௌசி பாடி முடித்த ஷாநாமா காவியத்தில் அலெக்சாண்டரிடம் தோற்ற தாரா வருகிறார். சைரஸ் அந்தப் பெயரில் இல்லவே இல்லை. பசர்கடேயில் உள்ள அவருடைய கல்லறையை ஊர் மக்கள் சுலைமானின் தாயார் கல்லறை என்று நம்பினார்கள். பெர்செபோலிஸ் அவர்களுக்குப் புராண அரசர் ஜம்ஷீதின் அரியணை. 1830-களிலும் 40-களிலும் ஹென்றி ராலின்சன் பெஹிஸ்தூன் பாறையில் ஏணி வைத்துப் படியெடுத்தார். அவரால் எட்ட முடியாத பாபிலோனியப் பகுதியை ஒரு குர்துச் சிறுவன் பாறை வெடிப்பில் தொற்றி ஏறி நகலெடுத்துக் கொடுத்தான். அவன் பெயரைக்கூட ராலின்சன் எழுதிவைக்கவில்லை என்பது எனக்கு மனக்குறை.

கணக்கர்களின் பலகைகளுக்கு இன்னொரு பயணம் வாய்த்தது. 1936-ல் படித்துவிட்டுத் திருப்பித் தருவதாகச் சிக்காகோவுக்குக் கடனாகப் போனவை அவை. 1997-ல் எருசலேமில் நடந்த குண்டுவெடிப்பில் காயமடைந்த அமெரிக்கர்கள் ஈரான் அரசின்மேல் வழக்குப் போட்டு வென்றார்கள். இழப்பீட்டுக்கு ஈரானின் சொத்தாக இந்தப் பலகைகளை ஜப்தி செய்யக் கேட்டார்கள். அவர்களுடைய வலி உண்மையானது. ஆனால் பலகைகள் ஏலத்தில் சிதறியிருந்தால் முத்திரையையும் கணக்கையும் ஒப்பிட்டுப் படிக்கும் வேலை அத்தோடு முடிந்திருக்கும். 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஜப்தி செய்ய முடியாது என்று தீர்ப்பளித்தது. 2019-ல் 1783 பலகைகள் ஈரானுக்குத் திரும்பின, பிறகும் தொகுதி தொகுதியாகப் போயிருக்கின்றன.

வகுப்புக்கு ஒரு யோசனை. சூசாவில் தன் அரண்மனையைக் கட்டியதைப் பற்றி டேரியஸ் எழுதிவைத்த பட்டியலைக் கரும்பலகையில் எழுதுங்கள். தேவதாரு லெபனானிலிருந்து, பொன் சார்டிஸிலிருந்தும் பாக்ட்ரியாவிலிருந்தும், நீலக்கல் மத்திய ஆசியாவின் சோக்டியானாவிலிருந்து, வெள்ளியும் கருங்காலியும் எகிப்திலிருந்து, தந்தம் எத்தியோப்பியாவிலிருந்தும் சிந்துவிலிருந்தும் இன்றைய காந்தகார் பக்கத்து அரக்கோசியாவிலிருந்தும். கல்தச்சர்கள் அயோனியர், பொற்கொல்லர்கள் மீடியரும் எகிப்தியரும், செங்கல் வேலைக்கு பாபிலோனியர். பிள்ளைகளிடம் ஒரு வரைபடத்தைக் கொடுத்து ஒவ்வோர் ஊரிலிருந்தும் சூசாவுக்கு ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். பிறகு கேள்வி கேட்ட அந்தப் பையனையே எழுப்பி, அந்தத் தேவதாரு மரத்தை மலையிலிருந்து இறக்கியவனுக்கு அன்றைக்கு யார் சோறு போட்டிருப்பார்கள் என்று கேளுங்கள். அவன் என்ன சொன்னான் என்பதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.